மலை பார்க்கக் கூட்டிப்போன பாக்கியத்தக்கா

பாக்கியத்தக்கா போய்விட்டாள் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளுடைய தம்பி மகன் போனில் கூப்பிட்டான். "அத்தை மத்தியானம் சாப்புட்டுச்சு, படுத்துச்சு, எந்திரிக்கல. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றான். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கப்போவதாகவும் சொன்னான். போனை வைத்துவிட்டு மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு வேலையைப் பாதியில் போட்டால் அவளுக்குப் பிடிக்காது.

காரியத்தன்று வாசிப்பதற்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னதும் அவன்தான். ராமாயி என்கிற நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தக் காலத்தில் நான் பிறந்த தெருவிலேயே ஐந்தாம் வகுப்பு வரை போன பெண் நான் ஒருத்திதான். கையெழுத்தும் கோணாது. கல்லூரியில் பாடம் நடத்துகிற என் பேத்தி, "திருத்தித் தரட்டுமா அப்பத்தா?" என்றாள். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், என் எழுத்தாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே வந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் திண்டுக்கல்லில் தையல் சொல்லிக்கொடுத்த பாக்கியம் டீச்சர். அவள் வெட்டிக் கொடுத்த ரவிக்கை எப்படித் தோளில் நின்றது என்று நீங்களே பேசுவீர்கள். நான் சொல்லப்போவது அதற்கு முந்திய கதை. அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது, அவளுக்கு இருபத்தெட்டு.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கும் சிறுமலைக்கும் நடுவில் சமதரையில் இருக்கிறது. வெங்காயம், கத்தரி, மல்லிகை. வாசலில் நின்று தெற்கே பார்த்தால் மலை நீளமாகப் படுத்திருக்கும். பாக்கியத்தக்கா பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். அவள் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் எங்கள் ஊருக்கு வாழ வந்தாள். ஐந்தே வருஷத்தில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையோடும் ஒரு தையல் மிசினோடும் அந்த வீட்டிலேயே இருந்துகொண்டாள். எட்டாவது வரை படித்தவள் என்பதால், ஊரில் மாதர் சங்கம் ஆரம்பித்தபோது அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். கூட்டத்தில் பேசுவதை நோட்டில் எழுதுகிற வேலை எனக்கு. அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம்.

ஒரு கூட்டத்தில் ஊறுகாய் போடுவது பற்றிப் பேசி முடித்த பிறகு, அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஒருநா எல்லாருமாச் சேந்து மலைக்குப் போயிட்டு வருவமா?"

"என்ன விசேஷம் அக்கா?" என்றாள் காளியம்மா. எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம் அவளுக்கு.

"விசேஷம் ஒண்ணுமில்ல. பாக்கத்தான்."

"மலையவா? அதான் இங்கேருந்தே தெரியுதே! அதுக்கு எதுக்கு காலு வலிக்க ஏறணும்?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எங்க ஊருல பொழுது சாயுறப்ப சனங்க கடக்கரைக்குப் போயி சும்மா நிப்பாக. கிழவன், கிழவி, புள்ளைத்தாச்சி எல்லாரும். எதுக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. கடலப் பாக்கக் காரணம் வேணாம். இங்க மலையப் பாக்க மட்டும் காரணம் கேக்குறீக."

நான் அதை நோட்டில் எழுதவில்லை. ஊறுகாயோடு நிறுத்திவிட்டேன். ஆனால் மனதில் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் வெளியே போவதென்றால் கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு, கோயில், வயல் என்று ஒரு காரணம் வேண்டும். எதுவும் இல்லாமல் நான் அதுவரை ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

அக்கா ஒன்றை நினைத்தால் அதை அளந்து, குறித்து, பிறகுதான் வெட்டுவாள். மலைக்கும் அப்படித்தான். முதலில் நாள். வெள்ளிக்கிழமை வீடு மெழுகணும், சந்தை நாள் ஆகாது, அமாவாசை ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே மல்லிகை. விடியுமுன் பறித்து முடிக்காவிட்டால் மொட்டு வெடித்துவிடும். பூக்காரன் வாங்க மாட்டான். அதனால் மார்கழிதான் சரி என்றாள். "மார்கழியில மல்லிகை ஓஞ்சிரும். கல்யாணமும் கெடையாது. உங்களுக்குன்னு ஒருநா மிஞ்சுற மாசம் அது ஒண்ணுதான்" என்றாள். பனி மூடினால் ஒன்றும் தெரியாதே என்று கேட்டேன். "பத்து மணிக்கு வெலகிரும். நாம பத்து மணிக்குத்தான் மேல இருப்போம்" என்றாள். அதையும் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தாள்.

பார்த்து வைத்திருந்தாள் என்றால், போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மலையில் இருந்து வாழைத்தாரைக் குதிரையில் ஏற்றி இறக்குகிற ஒருவருடைய பெண்டாட்டி அடிவாரத்தில் இருந்தாள். அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சிநேகம் பிடித்து, அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரெண்டு தடவை ஏறி இறங்கியிருந்தாள். உச்சிக்கெல்லாம் இல்லை. அடிவாரத்தில் இருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் ஒரு மொட்டைப்பாறை. முப்பது பேர் உட்காரலாம். அவ்வளவுதான் பயணம். வழியில் ஓர் ஓடை, அதன் கரையில் கன்னிமார் சாமி என்று ஏழு கல். அதைத் தாண்டினால் ஏற்றம்.

அடுத்து ஆட்கள். ஒன்பது பேர் என்று முடிவானது. காளியம்மா வீட்டு மாட்டுவண்டியில் ஏழு பேர் உட்காரலாம். ரெண்டு பேர் மாற்றி மாற்றி நடக்கணும். யார் எந்த இடத்தில் இறங்கி நடப்பது என்பதைக்கூட அக்கா எழுதி வைத்தாள். காளியம்மாவுக்குக் கைப்பிள்ளை. "புள்ளைய என்ன செய்ய?" என்றாள்.

"நீ களையெடுக்கப் போனா புள்ள என்ன செய்யுது?"

"ஆத்தாகிட்டக் கெடக்கும்."

"அன்னைக்கும் அங்கயே கெடக்கட்டும். களையெடுக்கப் போனா மட்டும் பசிக்காத புள்ள, மலைக்குப் போனாப் பசிச்சிருமா?"

பிறகு நடைப் பழக்கம் என்று ஒன்று வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையை ரெண்டு சுற்றுச் சுற்றி வரணும். காளியம்மா கெக்கலி கொட்டினாள். "தெனமும் வெறகு சொமக்குறவளுக்குப் பரீட்சையாக்கும்! ஒரு குடம் தண்ணியத் தூக்கிக்கிட்டே மலையேறுவா இந்தக் காளியம்மா."

"சொமையோட நடக்க எல்லாருக்கும் தெரியும். வெறுங்கையோட நடக்கத் தெரியுதான்னு பாப்போம்" என்றாள் அக்கா.

அவள் சொன்னது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கரையில் வெறும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சுள்ளி பொறுக்க ஆரம்பித்தாள். ஒருத்தி பொன்னாங்கண்ணிக் கீரை பறித்தாள். காளியம்மா முந்தானையில் வறட்டி தட்டச் சாணி அள்ளாத குறை. முதல் சுற்று முடிவதற்குள் எட்டுப் பேர் மடியும் நிறைந்துவிட்டது. என் மடியிலும் ஒரு கட்டு கீரை. அக்கா கரையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "எல்லாத்தையும் இங்க கொட்டிட்டு இன்னொரு சுத்துப் போயிட்டு வாங்க" என்றாள். ரெண்டாவது சுற்றில் யாரும் எதையும் தொடவில்லை. ஆனால் காளியம்மா கடைசி வரை புலம்பிக்கொண்டே வந்தாள்: "நல்ல கீரை அக்கா. வீணாப் போகுது."

இதுவரை எல்லாம் விளையாட்டாகத்தான் போனது. வீட்டில் கேட்கிற நாள் வந்தபோதுதான் சிக்கல். அக்கா ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். "மலை பாக்கப் போறோம்னு சொல்லியே கேளுங்க. சாக்குச் சொல்லாதீக. இன்னைக்குச் சாக்குச் சொன்னா, அடுத்த தடவை அதவிடப் பெரிய சாக்கு வேணும்."

மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் கிடைத்த பதில் ஒன்றுபோலவே இருந்தது. கிறுக்குப் பிடிச்சிருக்கா? மலை எங்கயும் ஓடியா போகுது? என் முறை வந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். எங்கள் வீட்டில் உத்தரவு என்றால் என் மாமியார்தான். அடுப்படியில் அவர் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மார்கழியில ஒருநா சங்கத்துப் பொம்பளைக எல்லாம் மலைக்குப் போறாக. நானும் போயிட்டு வாரேன்."

"என்னத்துக்கு?"

பாக்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. "கன்னிமாருக்கு நேர்த்தி அத்தை. சின்னவனுக்கு அம்மை போட்டப்ப வேண்டிக்கிட்டது" என்று வந்துவிட்டது.

அப்படி நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. போன சித்திரையில் என் ரெண்டாவது பையனுக்கு அம்மை போட்டு மோசமாகத்தான் இருந்தது. பதினோரு நாள் வேப்பிலையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் மாமியார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தன நாளா வச்சுக்கிட்டா இருந்தே? சாமிக் கடனை நிறுத்தி வைக்கலாமாடி?" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. ராமாயி கன்னிமாருக்கு நேர்த்தி செலுத்தப் போகிறாள். கிறுக்கா என்று கேட்ட மாமியார்கள் எல்லோரும், "சாமி காரியம்னா போயிட்டு வாங்க" என்றுவிட்டார்கள். காளியம்மா ஓடி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏ யப்பா! பள்ளிக்கூடம் போனவ போனவதான்டி. ஒத்தப் பொய்யில எட்டுப் பேருக்கு வழி தொறந்துட்டியே!" எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ரெண்டு நாள் கழித்து மாமியார் மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டே சொன்னார்: "ஆமா, அந்தப் பாக்கியம் வாராளா?"

"அக்காதான அத்தை கூட்டிட்டுப் போறது. அதுக்குத்தான் வழி தெரியும்."

"வழிய யாருகிட்டயாவது கேட்டுக்கங்க. பூவும் பொட்டும் இல்லாதவ நேர்த்திக்கு முன்னால நடக்கக் கூடாது. புள்ளைக்கு வேண்டுன வேண்டுதல். அவள வரவேணாம்னு நீயே பக்குவமாச் சொல்லிரு. இல்லன்னா நாஞ் சொல்லுறேன்."

சும்மா பார்க்கப் போகிற பயணம் என்றால் அவள் வருவதில் யாருக்கும் ஒரு பேச்சும் இல்லை. நான் அதைச் சாமி காரியமாக்கினேன். அந்த ஒரு பொய்யில் அவளுக்கு மட்டும் வழி அடைபட்டுப் போனது. மலைக்குப் போகலாம் என்று சொன்னவள், ரெண்டு தடவை ஏறி வழி பார்த்தவள், வண்டியில் யார் எங்கே உட்காருவது என்று எழுதியவள், அவள் மட்டும் வரக் கூடாது.

காளியம்மாவிடம் சொன்னேன். "உண்மையச் சொன்னா எல்லாருக்கும் போச்சு. அக்கா ஒருத்திதான, பொறுத்துக்கும். ஆறு வருசமாப் பொறுக்காததா?" என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். அக்காவிடம் சொல்வதற்கு நான் போகவில்லை. என் மாமியாரே போய்ச் சொல்லிவிட்டார்.

பயணத்துக்கு முந்தின நாள் அக்கா என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். போனேன். மிசினில் ஏதோ சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படி ஒரு வேண்டுதல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அம்மை போட்ட பதினோரு நாளும் அவள் வாசலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனவள். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டில் இருந்து கிழித்த ரெண்டு தாளை என்னிடம் நீட்டினாள்.

"வழி எல்லாம் எழுதியிருக்கேன். எங்க எழுத்து வெளங்கலயோ, இப்பவே கேட்டுக்க."

வாசித்தேன். அடிவாரத்தில் வண்டியை விடும் இடம். ஓடையில் தண்ணீர் குடிக்கலாம், பாறை வழுக்கும். எட்டு மணிக்குத் தார் ஏற்றிய குதிரைகள் இறங்கும். பாதை குறுகல், அப்போது பள்ளத்துப் பக்கம் நிற்கக் கூடாது, மேட்டுப் பக்கமாக ஒண்டி நிற்க வேண்டும். ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்கக் கூடாது. இதற்குப் பக்கத்தில் காளியம்மா என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள். கடைசியில்: மொட்டைப்பாறையில் வடக்கே பார்த்து உட்காரவும்; ஊர் அந்தப் பக்கம்தான் தெரியும்.

"அக்கா…" என்றேன்.

"கோவமெல்லாம் இல்லடி. போயிட்டு வந்து என்னென்ன தெரிஞ்சதுன்னு விடாமச் சொல்லணும். அது போதும்" என்றாள். பிறகு மிசினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் மறுநாள் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

விடியற்காலையில் வண்டி பூட்டினார்கள். எட்டுப் பேர். கட்டுச்சோற்று மூட்டைகள். மாவிளக்குத் தட்டையும் மஞ்சள் துணியையும் என் மாமியார் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். எங்களை அனுப்ப மற்ற மாமியார்களும் தெருவில் நின்றார்கள். வண்டி அக்கா வீட்டைத் தாண்டித்தான் போகணும். மார்கழியில் எல்லா வாசலிலும் கோலம் இருந்தது, அந்த வீட்டு வாசலில் மட்டும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. நாங்கள் போகும்போது எதிரில் வந்துவிடக் கூடாது என்று அவளே சாத்திக்கொண்டிருக்கிறாள். கதவிடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நிறுத்துங்க" என்றேன். இறங்கி மாமியாரிடம் போனேன்.

"அத்தை, நேர்த்தி எதுவும் இல்ல. நான் வேண்டிக்கிடல."

"என்னடி சொல்ற?"

"மலை பாக்கத்தான் கேக்க வந்தேன். விடமாட்டீகன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

மாமியார் மாவிளக்குத் தட்டைப் பக்கத்துத் திண்ணையில் வைத்தார். "பாக்கணும்னு கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும்" என்றார் மெதுவாக. "இப்ப எம் பேரன் பேரச் சொல்லி சாமிகிட்டப் பொய் சொல்லியிருக்கியே. அதுக்கு ஒண்ணு ஆனா நான் யாருகிட்டப் போவேன்? வீட்டுக்கு வா. நீ எங்கயும் போக வேணாம்."

மற்ற மாமியார்களில் மூன்று பேர் தங்கள் மருமகள்களை வண்டியில் இருந்து இறங்கச் சொன்னார்கள். நாலு பேர் மிஞ்சினார்கள். பிறகு காளியம்மா வண்டியை விட்டுக் குதித்தாள். என்னை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்ன அதே காளியம்மாதான். அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கோவ்! வெளிய வா. நேர்த்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சும்மா பாக்கத்தான் போறோம். வழி தெரிஞ்சவ ஒருத்தியும் இல்ல!"

கதவு திறந்தது. அக்கா தெருவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நான் எழுந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவளிடம் சோறு இல்லை. என் கட்டுச்சோற்றை அவள் மடியில் வைத்தேன். வண்டி போய்விட்டது.

அன்று காலை முழுக்க நான் மாரியம்மன் கோயிலில் இருந்தேன். மாமியார் என்னை ஈரச்சேலையோடு சுற்றி வரச் சொன்னார். அவரும் சுற்றினார். "தெரியாமச் சொல்லிட்டா தாயி, மன்னிச்சிரு" என்று அவர் வேண்டியது எனக்குக் கேட்டது. எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். திட்டியதைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, ஆட்டுரலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வெளியே போனேன். அவள் முதலில் சொன்னது: "உம் புளிச்சோத்துல உப்புக் கம்மிடி."

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நான்தான் போய்வந்து அவளுக்குச் சொல்ல வேண்டியது, அவள் எனக்குச் சொன்னாள். குதிரைகள் இறங்கியபோது காளியம்மா பயந்து மேட்டில் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்றது. ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சி. பனி வழி நெடுகக் கூடவே வந்தது. பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அது கீழிருந்து மெல்ல விலகியது. முதலில் திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு கட்டி வெல்லம்போலத் தெரிந்தது. பிறகு மதுரைக்குப் போகிற ரயில், புகை மட்டும் ஊர்ந்தது. பிறகு துண்டு துண்டாகத் துணி வெட்டிப் போட்ட மாதிரி வயல்கள்.

வீட்டுக்குள்ளே மாமியார் முறத்தில் துவரம்பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். எப்போது அந்தச் சத்தம் நின்றது என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தபடியே கேட்டார்:

"நம்ம கம்மா தெரிஞ்சதா?"

அக்கா கதவுப் பக்கமாகத் திரும்பி, "தெரிஞ்சது அத்தை. உள்ளங்கை அகலம்" என்றாள்.

"தண்ணி கெடக்குதா?"

"முக்காவாசி கெடக்கு. மேற்குக் கரையோரம் மட்டும் மண்ணு தெரியுது."

"நம்ம வீடு?"

"ஓடு தெரிஞ்சது. செகப்பா, ஒரு பொட்டாட்டம்."

முறத்துச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அக்கா போகும்போது என்னிடம், "அடுத்த மார்கழிக்கு உப்புப் பாத்துப் போடு" என்றாள்.

அடுத்த மார்கழியில் நான் அடுப்படிக்குப் போய், "அத்தை, மலை பாக்கப் போகணும்" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னத்துக்கு என்று கேட்கவில்லை. "எத்தன பேரு?" என்றார். பதினோரு பேர் என்றேன். "பன்னெண்டா வச்சுக்க" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

புறப்படும்போது தெருவில் போன வருஷம் நின்ற அதே கூட்டம் நின்றது. ஒருத்தி, "என்ன மதினி, இந்த வயசுல மலைக்கு? வேண்டுதலா?" என்று கேட்டாள். "இல்ல, பாக்க" என்றார் என் மாமியார். அக்கா வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால், ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மாமியார் திரும்பி, அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏ பாக்கியம், அங்க என்ன பின்னால நிக்கிறே? முன்னால நட. எங்களுக்கு என்ன வழி தெரியும்?"

அக்கா முன்னால் நடந்தாள். நாங்கள் பதினோரு பேர் பின்னால் போனோம். அன்று நான் அந்தப் பாறையில் வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது எதிலும் பிசகில்லை.

பிறகு அவள் திண்டுக்கல்லுக்குக் குடிபோனதும், தையல் சொல்லிக்கொடுத்ததும், தன் மாணவிகளை மார்கழிதோறும் அதே பாறைக்குக் கூட்டிப்போனதும் உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அவளோடு ஏறியும் இருப்பீர்கள். அவள் ஏன் ஒரு நாளும் கோயிலுக்கு என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போகவில்லை என்பதற்குத்தான் இதை எழுதினேன்.

என்னிடம் அவளுடைய பொருள் என்று எதுவும் இல்லை. அவளிடம் இருந்து எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: வேண்டியதை அதன் பேரைச் சொல்லிக் கேட்பது. இந்த அறுபது வருஷத்தில் வீட்டில் யாரிடமும் நான் சாக்குச் சொல்லி எதையும் கேட்டதில்லை. மறுத்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். அதோடு போயிருக்கிறது.

செய்தி வந்த மறுநாள் விடியுமுன் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். என் மூத்த மகன் பதறிவிட்டான். "இந்த முழங்காலோட எங்கம்மா போறே? இங்கேருந்தே ஒரு கும்பிடு போட்டுக்க. அங்க வந்து என்ன செய்யப் போறே?"

"ஒண்ணும் செய்யப் போகல. அக்காவைப் பாக்கணும்" என்றேன்.

அவன் காரை எடுத்தான்.